ஏச்சு வாங்கிச் சமைத்தவர்

முதன்முதலில் அவருடைய கதவுக்கு வெளியே நின்றபோது உள்ளே யாரோ யாரையோ ஏசுவது கேட்டது. ஏறி, இறங்கி, மூச்செடுத்து, இடையில் ஒரு பெருமூச்சுக்கு இடம்விட்டு, மறுபடி ஏறி, அனுபவித்து ஏசுகிற ஏச்சு. கருவிப்பெட்டியோடு நான் தயங்கினேன். புருஷன் பெண்சாதி சண்டைக்குள் மின்சார வேலைக்காரன் நுழையக்கூடாது. இரண்டு பக்கத்தாலும் அடி விழும். ஏச்சு ஓய்ந்த பிறகு மணியடித்தேன். திறந்தவருக்கு எண்பது வயதிருக்கும். இடுப்பில் பூப்போட்ட பெண்கள் ஏப்ரன். மூக்கு நுனியில் கோதுமை மா. வீட்டில் வேறு ஒருவரும் இல்லை. அடுப்பில் வெங்காயம் மட்டும் இருந்தது.

இது பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முந்திய கதை. ஜெர்மனியின் வுப்பர்டாலில், தொங்குரயில் தெருவின் நடுவால் போகிற பகுதியில், அவர் முதலாம் மாடி, நாங்கள் இரண்டாம் மாடி. அவருடைய குசினி ஜன்னலுக்கு நேரே, கைநீட்டினால் தொடலாம் போல, ரயில் தொங்கிக்கொண்டு போகும். அதில் இருப்பவர்கள் அவருடைய சட்டிக்குள் எட்டிப்பார்ப்பார்கள். அவர் அகப்பையை ஓங்கிக் காட்டுவார். சிலர் கையசைப்பார்கள். ஒரு நகரத்தின் போக்குவரத்துச் சேவை முழுவதோடும் தனியாளாகச் சண்டைபிடித்த மனிதர் அவர்.

குசினிக்குள் கால் வைத்து, "வணக்கம், எந்தப் பிளக் வேலை செய்யவில்லை?" என்று ஜெர்மனில் கேட்டேன். அகப்பைக் காம்பால் என் நெஞ்சைத் தொட்டு, பின்னோக்கித் தள்ளி, நடைபாதையில் கொண்டுபோய் நிறுத்தினார். அங்கே நின்று, நல்ல சுத்தமான ஜெர்மனில் சொன்னார்:

"இங்கே ஜெர்மன். அங்கே யிட்டிஷ். கடிதத்துக்கு ஜெர்மன், டொக்டருக்கு ரஷ்யன், வெங்காயத்துக்கு யிட்டிஷ்."

"எனக்கு யிட்டிஷ் தெரியாதே."

"அது உன் பிரச்சினை. உன் தாய்மொழியில் பேசு. வெங்காயம் கோபிக்காது."

அப்படித்தான் நான் ஒரு யூதருடைய குசினியில் யாழ்ப்பாணத் தமிழ் பேசத் தொடங்கினேன். அவர் யிட்டிஷ் பேசினார். யிட்டிஷ் என்பது கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் வீட்டுமொழி, ஜெர்மனுக்குக் கூடப்பிறந்தது. ஜெர்மன் இஸ்திரி போட்ட சட்டையோடு கந்தோருக்குப் போக, அதே வயிற்றில் பிறந்த யிட்டிஷ் மேல்பொத்தானைக் கழற்றிவிட்டுச் சந்தையில் நின்று மீனுக்கு விலை பேசுகிறது. ஆகவே அவர் சொன்னதில் முக்கால்வாசி எனக்கு விளங்கியது. நான் சொன்னதில் அவருக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை, கையையும் முகத்தையும் வைத்து ஊகித்துக்கொண்டார். அது அவருக்கு மிகவும் பிடித்திருந்தது. அவருடைய யிட்டிஷ் இன்று என் ஞாபகத்தில் எங்கள் ஊர்ப் பேச்சாகவே மாறிக் கிடக்கிறது, அப்படியே சொல்கிறேன்.

ஏன் ஜெர்மன் கூடாது என்று ஒருநாள் நடைபாதையில் வைத்துக் கேட்டேன். பெரிய பதிலொன்றுக்கு முகத்தைத் தயார்செய்துகொண்டுதான் கேட்டேன். இந்த நாடு, இந்த மொழி, ஒரு யூதர். வேறென்ன பதில் வரும்? அவர் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். "தலையை நிமிர்த்து, செத்தவீட்டுக்கு வந்தவன் மாதிரி நிக்காதே. என்ர மனிசிக்கு ஜெர்மன் சரியா வராது. நாங்கள் ரெண்டு பேரும் தன்னைப் பற்றித்தான் கதைக்கிறம் எண்டு நினைப்பாள்."

மனைவி இறந்து அப்போது இரண்டு வருடம்.

அவரிடம் சமையல் புத்தகம் இல்லை. தராசு இல்லை. சுவரில் இருந்த மணிக்கூடு எப்போதோ ஐந்தரையில் நின்றுபோயிருந்தது. அவருக்கு இருந்தது ஏச்சு. கோழிக்கொழுப்பை உருக்கி வெங்காயத்தைப் போட்டதும் முதலாவது ஏச்சு வரும்: "மெல்ல! நெருப்பணைக்கிற வண்டியோ ஓட்டுறாய்?" உடனே அடுப்பைக் குறைப்பார். சிறிது நேரத்தில் இரண்டாவது: "என்ன களிமண் பொம்மை மாதிரி நிக்கிறாய்?" உடனே கிண்டுவார். மூன்றாவது பெரிய சாபம்: "வெங்காயம் மாதிரி வளருவாய், தலை மண்ணுக்குள்ள, கால் மேல!" அது விழுகிற நேரத்தில் வெங்காயம் சரியாகத் தங்க நிறத்தில் இருக்கும். ஒருநாளும் பிசகியதில்லை. உப்புக்கு இரண்டு ஏச்சு. "பிச்சையோ போடுறாய்?" என்பது ஒன்று. "இப்ப என்ன, கடலையே கவிழ்க்கிறாய்!" என்பது மற்றது. இந்த இரண்டுக்கும் நடுவில் விழுந்ததுதான் உப்பின் அளவு. ஊறவைத்த அவரை விதையை நசுக்கிப் பார்க்கும்போது: "உன்ர தம்பியார் மாதிரித்தான். எவ்வளவு ஊறவிட்டாலும் கல்லு."

என் கைபேசியில் நேரம் வைத்துத் தருகிறேன் என்று ஒருமுறை சொன்னேன். கையைக் காட்டி விளக்கினேன்.

"இது ஏசுமோ?"

"இல்லை, ஐயா. மணிதான் அடிக்கும்."

"அப்ப என்னத்துக்கு?"

எல்லா ஏச்சும் தன்னைத்தான். வெங்காயம் கருகினாலும் அவர்தான் குற்றவாளி, கரட் கசந்தாலும் அவர்தான். ஒரு மனிதன் தன்னைத்தானே இவ்வளவு நேர்த்தியாக ஏசமுடியுமா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. நானும் என்னை ஏசுகிறவன்தான். ஆனால் என் ஏச்சில் இடையிடையே சலுகை இருக்கும். அவருடையதில் இல்லை.

"ஆரை ஏசுறியள், ஐயா?" என்று தமிழில் கேட்டேன். கேள்வியின் சாயலை வைத்து விளங்கிக்கொண்டார்.

"நான் ஆரை ஏசினன்? நான் ஏச்சு வாங்கிறன்."

ஐம்பது வருடம் அவருடைய மனைவி அவரை அடுப்பில் கைவைக்க விட்டதில்லை. ஜன்னலோரத்து முக்காலிதான் அவருடைய இடம். உருளைக்கிழங்கு உரிப்பது, உள்ளி உடைப்பது, கண்ணீர் வராமல் வெங்காயம் வெட்டுவது. அதையும் பிழையாகச் செய்வது. அவள் இறந்தபிறகு மூன்று கிழமை பாணும் தகரத்தில் அடைத்த பேணிமீனும் சாப்பிட்டார். ஒரு வெள்ளிக்கிழமை, பசியை விடக் கோபம் கூடி, சட்டியை எடுத்து அடுப்பில் வைத்தார். கொழுப்பு உருகியது. உடனே அவருடைய வாயிலிருந்து அவள் ஏசினாள்.

"படத்தைப் பார்," என்று குளிர்பெட்டியின் மேல் இருந்த புகைப்படத்தைக் காட்டினார். வட்ட முகம், தலையில் சீலை, வாய் நிறையச் சிரிப்பு. "சிரிக்கிறாள். அது அவளே இல்லை."

என் மனைவிக்கு அவர்மேல் மரியாதை வந்தது மீனால். கெண்டை மீனை அரைத்து உருண்டை பிடித்து அவித்து, கரட் துண்டொன்றைத் தலையில் வைத்துக் கொடுத்தனுப்பியிருந்தார். ஒரு வாய் வைத்தவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"இஞ்சேருங்கோ, மீனுக்கு ஆராவது சீனி போடுவினமே? மனுசனுக்கு விசரே?"

"அவையின்ர ஊர் முறை அப்பிடியாம்."

"எந்த ஊர் முறை? மீன் என்ன பாவம் செய்தது?"

அன்று பின்னேரமே எங்கள் மிளகாய்த்தூள் போட்ட மீன் குழம்பு ஒரு டப்பாவில் இறங்கிப் போனது. அவர் நின்றபடியே சாப்பிட்டார். முதலில் காது சிவந்தது. பிறகு கழுத்து. ஜன்னலைத் திறந்து, வந்துகொண்டிருந்த தொங்குரயிலைப் பார்த்து வாயால் ஊதினார். பயணிகள் கையசைத்தார்கள். பிறகு நான் அதுவரை கேட்டிராத ஏச்சொன்று வந்தது: "மீனோட சேர்த்து என்ர நாக்கையும் சமைச்சுப்போட்டாய்!" சொல்லிவிட்டு டப்பாவைப் பாணால் துடைத்தார்.

"இதுவும் அவ சொல்றதோ?"

"இதைச் சாப்பிட்டிருந்தால் சொல்லியிருப்பாள்."

கடவுளோடு அவருக்குப் பேச்சுவார்த்தை இல்லை. "அவர் முதலில வந்து மன்னிப்புக் கேக்கட்டும்," என்பார். பிறந்த ஊர் செர்னோவிட்ஸை எத்தனை நாடுகள் மாறிமாறி ஆண்டன என்று கேட்டால் விரல்விட்டு எண்ணத் தொடங்கி, நடுவில் அலுத்துப்போய், சூப்பைக் கிண்டச் சொல்வார். ஆனால் வெள்ளிக்கிழமை சூரியன் விழுந்தால் சனிக்கிழமை இருட்டும்வரை அடுப்பின் குமிழில் கைவைக்கமாட்டார். அது யூதர்களின் ஓய்வுநாள். தீ மூட்டக்கூடாது, அணைக்கவும் கூடாது. மனைவி கடைப்பிடித்தாள். "கடவுள் கண்டால் சமாளிக்கலாம். அவள் கண்டால்?"

அந்த நாளுக்கென்று ஒரு சாப்பாடு இருக்கிறது. சோலண்ட். அவரை விதை, பார்லி, உருளைக்கிழங்கு, மாட்டிறைச்சி, கோதோடு முட்டை, எல்லாவற்றையும் ஒரே பானையில் போட்டு, வெள்ளி பொழுதுபட முன்னர் மெல்லிய சூட்டில் வைத்துவிட்டால், அது இரவிரவாகத் தன்பாட்டில் வேகும். சனி மத்தியானம் திறந்தால் முட்டை தேயிலை நிறத்தில் இருக்கும். மாடிப்படி முழுவதும் வாசம் ஏறிவரும். நாங்கள் சனிக்கிழமை மரக்கறிக்காரர். அவருடைய பானையால் அந்த விரதம் எத்தனையோ தடவை பாழாய்ப்போனது.

பிறகு அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது. சூப் வைத்துவிட்டு முக்காலியில் கண்ணயர்ந்துவிட்டார். பானை வற்றி, கருகி, புகைமணி அலறி, கடைசியில் உண்மையாகவே நெருப்பணைக்கிற வண்டி வந்தது. பெரிய சேதம் ஒன்றுமில்லை. ஆனால் பக்கத்து நகரம் எசனிலிருந்து அவருடைய மகள் வந்தாள்.

மகள் பல் வைத்தியர். மற்றவர்களை வாயைத் திறக்கச் சொல்லிப் பழகியவள். திறந்த வாயிலிருந்து பதில் வருமென்று எதிர்பார்க்காதவள். எசனில் ஒரு முதியோர் இல்லம் பார்த்துவைத்திருந்தாள். அங்கே சேருவதற்கு நாளும் நேரமும், டெர்மின்கூட, எடுத்தாயிற்று. நடைபாதையில், ஜெர்மனில், தகப்பன் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அறையில் அடுப்பு இருக்கிறதா?"

"தண்ணீர் கொதிக்கவைக்கிற கேத்தல் இருக்கிறது, அப்பா."

அவர் என் பக்கம் திரும்பினார். "எலெக்ட்ரிக்கர், கேத்தலில் சோலண்ட் வைக்கலாமா?"

மகள் என்னை வாசலுக்கு அழைத்துக்கொண்டு போனாள். "அம்மா பக்கத்தில் நிற்பதுபோல் கத்துகிறார். நீங்களும் கேட்டிருப்பீர்கள். இதற்கு வைத்தியத்தில் ஒரு பெயர் இருக்கிறது." கடைசியில் ஒரு இணக்கம் வந்தது. அடுப்புக்கு மேலே ஒரு காவல்பெட்டி பூட்டவேண்டும். நாலு மணித்தியாலத்துக்கு ஒருதரம் யாராவது அதன் பொத்தானை அமத்தாவிட்டால் அது அடுப்புக்கு மின்சாரத்தை நிறுத்திவிடும். இரண்டு மாதம் பார்ப்பது. சரிவராவிட்டால் எசன்.

பூட்டியது நான்தான். சுவரைத் துளைக்கும்போது அவர் முக்காலியில் இருந்து, தன் கூண்டுக்குக் கம்பி வளைக்கிறவனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்.

"அண்டைக்கு என்ன நடந்தது, ஐயா? ஏன் நித்திரையானியள்?"

நின்றுபோன மணிக்கூட்டை நிமிர்ந்து பார்த்தார். பிறகு மெதுவாக: "அவள் ஏசேல்லை. செவ்வாய்க்கிழமை அவளுக்கு என்ன கோபமோ. முழுக்க வாயே திறக்கேல்லை."

துளைகருவியை நிறுத்திவிட்டு நின்றேன். அவருக்கு எசனைப் பற்றிப் பயமில்லை என்று அப்போதுதான் விளங்கியது. அடுப்பில்லாத அறையில் அவள் எதற்காக வாய்திறப்பாள்?

முதல் வெள்ளிக்கிழமை பானை ஏறியது. இரவு எட்டு மணிக்குக் காவல்பெட்டி தன் கடமையைச் செய்தது. சனி மத்தியானம் மாடிப்படியில் நின்று என்னைக் கூப்பிட்டார். மூடியைத் திறந்து காட்டினார். அவரை விதைகள் ரயில்பாதைக் கல்லுப்போலக் கிடந்தன.

"குளிர்," என்றார் ஜன்னலைப் பார்த்து. "அடுப்பு குளிர்ந்துபோனால் கவலையான விஷயம்தான்."

"ஓம், ஐயா."

"சில அடுப்புகளில பொத்தான் இருக்குமாம். சில வீடுகளில மேல்மாடியில ஆக்கள் இருப்பினமாம்."

"ஓம். பொத்தானை நான் வந்து அமத்தட்டோ?"

இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, சூடு பட்டவர்போல் துள்ளி எழுந்தார். "கேக்காதே! கேட்டால் நான் ஓம் எண்டு சொல்லவேணும். சொன்னால் நான் செய்வித்ததாய்ப்போகும். மொக்கு, மொக்கு!"

விஷயம் இதுதான்: ஓய்வுநாளில் யூதர் வேற்றாளிடம் வேலை சொல்லக்கூடாது. வேற்றாள் தானாகக் கண்டு தானாகச் செய்தால் ஒன்றுமில்லை. எங்களுக்குத் தெரியாத கலையா? யாழ்ப்பாணத்தில் தேத்தண்ணி வேணுமோ என்று கேட்டால் முதல்முறை வேண்டாம் என்பதுதான் முறை. போகிறவன் "வாறன்" என்று சொல்லிவிட்டுத்தான் போவான். இந்தப் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு வந்து, ஜெர்மன்காரனைப்போல நேரே கேட்டுவிட்டேனே என்று வெட்கமாயிருந்தது.

அடுத்த வெள்ளி மாடிப்படியில் என்னைக் கண்டு, வீட்டுத் திறப்பைப் பூச்சட்டிக்குக் கீழே வைத்தால் களவுபோகுமோ என்று சத்தமாகக் கவலைப்பட்டார். நானும் சேர்ந்து கவலைப்பட்டேன். வீட்டில் ஒப்பந்தம் போட்டோம். எட்டு மணி எனக்கு. பன்னிரண்டும் எனக்கு. "நான் நாலு மணிக்குப் பேக்கரி வேலைக்கு இறங்கிறன்தானே," என்றாள் மனைவி, "போற வழியில அமத்திப்போட்டுப் போறன்." காலை எட்டு மறுபடியும் எனக்கு. ஒவ்வொருமுறையும் மூடியைத் திறந்து தண்ணீர் பார்க்கவேண்டும். பார்க்கிறபோது, ஏனென்று தெரியாது, ஒரு ஏச்சைச் சொல்லிவிட்டுத்தான் மூடுவேன். மனைவியும் சொல்லத் தொடங்கினாள். "உன்ர தம்பியார் மாதிரித்தான்," என்று எங்கள் வீட்டிலும் அவள் சொல்லும்போதெல்லாம் பார்வை சுவரிலிருந்த என் தம்பியின் படத்தின்மேல் போகும்.

ஏழு சனிக்கிழமை இப்படி ஓடியது. எட்டாவது சனி மத்தியானம், என் பங்குக்காக நான் குசினியில் நிற்க, மகள் சொல்லாமல் வந்தாள். கையில் இல்லத்தின் படிவங்கள். நேரே போய்ப் பானையைத் தொட்டுப் பார்த்தாள்.

"இது எப்படிச் சூடாக இருக்கிறது? பெட்டியைக் கழற்றிவிட்டீர்களா?"

"இல்லை," என்றேன். குசினிக்குள் நின்று ஜெர்மன் பேசுவது எனக்கே கூசியது. "நாங்கள் வந்து அமத்துகிறோம். நானும் மனைவியும்."

"இரவிரவாகவா? இது காவலா, கண்கட்டு வித்தையா?" தகப்பனிடம் திரும்பினாள். "அப்பா, நீங்கள்தான் கேட்டீர்களா? அப்பா, பதில் சொல்லுங்கள்."

அவள் ஜெர்மனில் கேட்டாள். அவர் வாய்திறக்கவில்லை.

"பாருங்கள். நான் யாரென்றுகூட அவருக்கு விளங்குவதில்லை. சுவரோடு மட்டும் கத்துகிறார்."

"அது சுவர் இல்லை," என்றேன். "அது சமையல் குறிப்பு."

அவள் என்னையும் ஒரு நோயாளியைப்போலப் பார்த்தாள்.

அவர் எழுந்து போய் மூடியைத் திறந்தார். ஆவி முகத்தை மறைத்தது. அகப்பையை எடுத்தார். பிறகு அப்படியே நின்றுவிட்டார். முதலில் பிடிவாதம் என்றுதான் நினைத்தேன். ஆவி விலகியதும் முகம் தெரிந்தது. காது கொடுத்துக்கொண்டு நின்றார். தொங்குரயில் ஒன்று ஜன்னலை அடைத்துக்கொண்டு போனது. போய் முடிந்தது. ஏச்சு ஒன்றும் வரவில்லை. மகள் படிவத்தை மேசையில் விரித்தாள்.

என் வாய் என்னைக் கேட்காமல் திறந்தது. "வோஸ் ஷ்டேய்ஸ்து வி அ லேய்மெனர் கோய்லெம்?" என்ன களிமண் பொம்மை மாதிரி நிக்கிறாய்? யாழ்ப்பாணத்துக் கொக்குவில் உச்சரிப்பில், தொண்டை கிழிய.

பேனையைத் திறந்தவளின் கை நின்றது. அவள் என்னைப் பார்க்கவில்லை. பானையைப் பார்த்தாள். பிறகு, பல் வைத்தியருடைய குரலை எங்கோ கழற்றி வைத்துவிட்டு, இடுப்பில் கைவைத்து, குசினி அதிர, யிட்டிஷில்:

"தட்டு என்ன, தானாய் நடந்து வருமோ? ஊரெல்லாம் பசியில கிடக்குது, இவர் ஆவி பிடிக்கிறார்!"

அவர் திடுக்கிட்டார். அகப்பையைப் பானைக்குள் போட்டுவிட்டு, ஐம்பது வருடப் பழக்கத்தில், ஓட்டமும் நடையுமாகப் போய் அலுமாரியிலிருந்து தட்டுகளை எடுத்து வந்தார். நாலு தட்டு. இருந்தது மூன்று பேர்.

ஒருவரும் அந்த நாலாவது தட்டைப் பற்றிக் கதைக்கவில்லை. மகள் மூன்றுமுறை போட்டுச் சாப்பிட்டாள். படிவத்தின்மேல் குழம்பு சிந்தியது, துடைக்கவில்லை. போகும்போது நடைபாதையில், ஜெர்மன் பேசலாம் என்கிற இடத்துக்கு வந்ததும் சொன்னாள்: "டெர்மினை ரத்துசெய்கிறேன்." இரண்டு படி இறங்கிவிட்டுத் திரும்பினாள். "உங்கள் உச்சரிப்பு படுமோசம்."

அதற்குப் பிறகு இரண்டரை வருடம், சனி தவறாமல், அந்தப் பானை வெந்தது. அவர் ஒரு வியாழக்கிழமை தன் கட்டிலிலேயே போனார். அடுத்தநாளுக்கென்று அவரை விதை ஊறிக்கொண்டிருந்தது. அதை என்ன செய்வதென்று ஒருவருக்கும் தெரியவில்லை. நாங்கள் தூள் போட்டுக் கறி வைத்தோம். என்ன சொல்லியிருப்பார் என்று தெரியும். அவள் என்ன சொல்லியிருப்பாள் என்பதும் தெரியும்.

பானையை மகள் கொண்டுபோனாள். ஒரு வருடம் சத்தமில்லை. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் கெல்சென்கிர்ச்சனில், கட்டி முடியாத வீடொன்றின் நிலவறையில் கம்பி இழுத்துக்கொண்டிருக்கையில் கைபேசி அடித்தது.

"மூன்றுமுறை வைத்துவிட்டேன். மூன்றுமுறையும் வெங்காயம் கருகிவிட்டது," என்றாள். "சமைக்கும்போது அம்மா என்னைக் குசினிக்குள் விட்டதில்லை. நான் மேசை ஏச்சு மட்டும் வாங்கி வளர்ந்தவள். களிமண் பொம்மைக்குப் பிறகு என்ன வரும்?"

"சொல்கிறேன். எழுதிக்கொள்ளுங்கள்."

"எழுத வேண்டாம். ஏசுங்கள்."

"இப்போது என்ன நிறம்?"

"பொன் மாதிரி. இல்லை, பொறுங்கள். ஆம், பொன்தான்."

"வெங்காயம் மாதிரி வளருவாய், தலை மண்ணுக்குள்ள, கால் மேல!" என்று யிட்டிஷில் கத்தினேன். சுவர் பூசிக்கொண்டிருந்தவர் கரண்டியைக் கீழே போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். மறுமுனையில் சட்டியை அடுப்பிலிருந்து படக்கென்று இழுக்கிற சத்தம் கேட்டது. கொஞ்சநேரம் வெங்காயம் மட்டும் பேசியது.

"அடுத்தது?" என்றாள்.